வேறு கிளைகள் இல்லை

போன மாதம் ஒரு வம்பில் மாட்டிக்கொண்டேன். நானாகத் தேடிப் போகவில்லை. போனில் வந்தது.

"மா, சனிக்கிழமை ஃப்ரீயா இருக்கீங்களா? எங்க ஏழாம் கிளாஸ் பசங்ககிட்ட ஒரு பீரியட் பேசிட்டுப் போங்களேன்."

ஸ்டெல்லா டீச்சர். முசரவாக்கத்திலிருந்து தினமும் காஞ்சிபுரத்துக்கு ஸ்கூட்டியில் வந்து இங்கிலீஷ் பாடம் எடுக்கிறவர். பஸ்ஸில் பழக்கமாகி, ஸ்கூட்டி வாங்கிய பிறகும் என்னை மறக்காத சிநேகிதி.

"என்ன பேசணும்?"

"எழுதறவங்க எதுக்கு எழுதறாங்கன்னு ஒரு பாடம் இருக்குது மா. பசங்க மண்டையில ஏற மாட்டேங்குது. நீங்கதான் வாரா வாரம் எழுதறீங்களே... உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாது! புதன்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் பத்திரிகை ஆசிரியர் போன் செய்வார் — அதனால் எழுதுகிறேன். இதையா போய் ஏழாம் வகுப்பில் சொல்வது?

பாடத்தை வாங்கிப் பார்த்தேன். மூன்று பெட்டிகள் போட்டிருந்தார்கள். தகவல் சொல்ல, மனதை மாற்ற, மகிழ்விக்க. கீழே சின்னச் சின்னப் பத்திகள். தேனீ வந்தால் முதல் பெட்டி. பற்பசை வந்தால் இரண்டாவது. முயல் வந்தால் மூன்றாவது. பிள்ளைகள் பத்தியைப் படிக்காமலே சரியாக டிக் அடித்துவிடுகிறார்கள் — அதுதான் ஸ்டெல்லாவின் கவலையே.

அதனால் ஒன்று சொல்லி அனுப்பினேன். ஸ்கூலுக்கு வருகிற வழியில் கண்ணில் படுகிற எழுத்து ஏதாவது ஒன்றைப் படித்துவிட்டு வாருங்கள். போர்டு, சுவர், லாரியின் முதுகு, எது வேண்டுமானாலும். மனதில் வைத்துக்கொண்டு வந்தால் போதும்.

வந்தார்களே! எல்லோரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள்.

"'இங்கே குப்பை கொட்டாதீர்' மிஸ்!"

"எதுக்கு எழுதியிருக்காங்க?"

"தகவல் சொல்ல மிஸ். அங்கதான் எல்லாரும் கொட்றாங்க. போர்டு இருந்தா இடம் ஈஸியா தெரியுது."

வகுப்பே சிரித்தது. நானும்தான். அடுத்தவன் எழுந்தான்.

"'நாய்கள் ஜாக்கிரதை' மிஸ். ஆனா அந்த வீட்ல நாயே கெடையாது. ஒரு பூனைதான் இருக்குது."

இதை எந்தப் பெட்டியில் போடுவது? தகவல் என்றால் பொய்த் தகவல். மகிழ்விக்கவா? திருடன் வேண்டுமானால் சிரிப்பான். "பயமுறுத்த மிஸ்!" என்று நாலைந்து குரல்கள். சரி, நாலாவது பெட்டி போடு என்றேன். புத்தகத்தில் மூன்றுதானே இருக்கிறது என்கிற கவலையோடு ஸ்டெல்லா என்னைப் பார்த்தார்.

கரும்பலகையில் இரண்டு கேள்விகளை எழுதினேன். யார் எழுதியது? யார் படிக்க?

உடனே முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல். "மிஸ், நீங்க யாரு படிக்கணும்னு எழுதறீங்க?"

"எல்லாரும்."

"எல்லாரும்னா யாரு மிஸ்?"

தண்ணீர் பாட்டிலை எடுத்து நிதானமாகக் குடித்தேன்.

அப்போதுதான் தர்ஷினி எழுந்தாள். இரட்டைப் பின்னல், மெல்லிய குரல். "எங்க கடை போர்டு மிஸ். 'முனியம்மாள் புடவை பாலிஷ். எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.'"

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் பட்டுக்கடைகள் பலவற்றில் இந்த வரி இருக்கும். ஒரே மாதிரிப் பெயர்கள் வரிசையாக... எங்கேயோ போக வேண்டியவர்களை ஆட்டோ எங்கேயோ இறக்கிவிடும். அதனால் பெரிய கடைக்காரர்கள் போர்டில் போட்டுக்கொள்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் புடவை பாலிஷ் கடை? கசங்கிய பட்டுப்புடவையைக் கொடுத்தால் இழுத்துச் சுருக்கம் எடுத்து, புதுசு போல மடித்துத் தருகிற இடம். ஒரு மேஜை, ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு ஆள் நிற்கலாம். கிளையாம், கிளை! எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏம்மா, உங்க கடைக்கு சிங்கப்பூர்ல பிராஞ்ச் இருக்குதான்னு யாராவது கேட்டாங்களா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தர்ஷினி சிரிக்கவில்லை.

"சரி, யாரு படிக்க எழுதினது?" என்றேன். கஸ்டமர் என்பாள், 'தகவல்' பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போகலாம் என்பது என் கணக்கு.

"எங்க பெரியப்பா படிக்க மிஸ்."

"என்னது?"

"எதிர்க் கடை எங்க பெரியப்பாவுது. அதுக்கும் அதே பேருதான், எங்க அப்பாவோட அம்மா பேரு. தமிழ் புக்ல, சொல்லும் பொருளும் பகுதியில, கிளைன்னா சொந்தக்காரங்கன்னு போட்டிருக்குது. அப்போ... எங்களுக்கு வேற சொந்தக்காரங்க இல்லன்னுதானே மிஸ் எங்க அப்பா எழுதியிருக்காரு?"

அந்தப் பழைய பொருள் எனக்கும் தெரியும். கடை போர்டோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை. அம்மாவின் பெயரைப் பெரிதாகப் போட்டு, அதற்குக் கீழே வேறு கிளைகள் இல்லை என்று ஒரு மகன் எழுதி வைத்திருக்கிறான். இதைத் தினமும் எதிரே நின்று படிக்கிறவர் இன்னொரு மகன். சாக்பீஸை வைத்துக்கொண்டு நின்றேன்.

மிச்சக் கதையை வராந்தாவில் ஸ்டெல்லா சொன்னார். அண்ணனும் தம்பியும் ஒரே கடையில்தான் இருந்தார்களாம். அண்ணன் மெஷின் போடலாம் என்றிருக்கிறார். மெஷின் ஜரிகையை நசுக்கிவிடும், கைதான் சரி என்றிருக்கிறார் தம்பி. அண்ணன் எதிர்ப்பக்கம் தனிக்கடை போட்டுக்கொண்டார். அதுவரைக்கும் கூட பரவாயில்லை. அம்மா பெயரையும் எடுத்துக்கொண்டு போனதைத்தான் தம்பியால் தாங்க முடியவில்லை. மறு வாரமே புது போர்டு மாட்டிவிட்டார்.

கிளம்பும்போது தர்ஷினி பின்னாலேயே வந்தாள்.

"மிஸ், பெரியப்பா பொண்ணு சௌமியா அக்காவுக்குக் கல்யாணம். அப்பா போக மாட்டேன்றாரு. என்னையும் போகக் கூடாதுன்றாரு. அந்த அக்காதான் எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்துச்சு. எனக்குன்னு பட்டுப் பாவாடை தெச்சு வெச்சிருக்குது. ஒருத்தர் எழுதினத அவருதான் மிஸ் அழிக்கணுமா?"

இன்றைக்கு என் பாடத்தில் கேள்வி மட்டும்தான் போலிருக்கிறது!

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் போடுகிறோமே... 'முதுகில் குத்துபவர்களை நம்பாதே' என்று ரோஜாப்பூ படத்தோடு. உலகத்துக்கே உபதேசமா அது? நாத்தனார் பார்த்தாளா இல்லையா என்று அரைமணிக்கு ஒரு தரம் யார் யார் பார்த்தார்கள் என்பதைத் திறந்து பார்க்கிறோமே! ஊருக்கே தெரிகிற மாதிரி எழுதுகிறோம். படிக்க வேண்டியவர் ஒருத்தர்தான். அந்த ஒருத்தரிடம் நேரில் போய்ச் சொல்லத்தான் வாய் வருவதில்லை.

இரண்டு நாள் கழித்து கத்திரிப்பூ நிறப் பட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு தர்ஷினியின் அப்பா கடைக்குப் போனேன். அந்தப் புடவைக்கு ஒரு சுருக்கமும் இல்லை. சாக்குதான், மறைப்பானேன்?

"வாங்க மா, வாங்க! பத்தி எழுதறவங்கதானே? வாரா வாரம் உங்க பக்கத்த படிச்சிட்டுதான் மா அந்த பேப்பர பார்சலுக்கே எடுப்பேன்" என்றார். அவர் பெயரை சேகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய மரியாதை ஏது? படிக்காமலே பார்சல் கட்டுகிறவர்களை எனக்கு நிறையத் தெரியும்.

மெதுவாக ஆரம்பித்தேன். "போர்டுல அந்தக் கடைசி வரி எதுக்கு சேகர்?"

"கஸ்டமரு கொழம்பக் கூடாதுல்ல மா. எதிர்ல பாருங்க, அதே பேரு."

"கஸ்டமர் யாராவது அதப் படிச்சிருக்காங்களா?"

தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அவங்க எங்க மா படிக்கறாங்க? போன் பேசிக்கினே வர்றாங்க, புடவையக் குடுத்துட்டு போன் பேசிக்கினே போறாங்க."

"அப்போ யாருதான் படிக்கறாங்க?"

"எங்க அண்ணன் ஷட்டரத் தூக்கினா நேரா அதுதான் மா தெரியும்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இஸ்திரிப் பெட்டியை அவசரமாக நகர்த்தினார். ஸ்கூல் விட்டு வந்து மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தர்ஷினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் போன நேரமோ என்னவோ — எதிர்க் கடையிலிருந்து அண்ணனும் அண்ணியும் தெருவைக் கடந்து வந்தார்கள். கையில் தட்டு. வெற்றிலை பாக்கு, பூ, குங்குமம், மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. படி மேல், சரியாக அந்த போர்டுக்குக் கீழே நின்றார் பெரியவர்.

"சேகரு."

சேகர் 'வாங்க' என்று சொல்லவில்லை. சும்மா புடவையைத் தூக்கிக்கொண்டு போன எனக்கு இரண்டு 'வாங்க' கிடைத்தது. கூடப் பிறந்தவருக்கு ஒன்றுகூட இல்லை.

"சௌமியாவுக்கு கல்யாணம்டா. நீதான் முன்ன நின்னு நடத்தணும்."

சேகர் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். அந்த மட்டும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் வாயைத் திறந்து சொன்னது ஒரே வார்த்தை. "பாக்கலாம்."

வர மாட்டேன் என்று முடிவு செய்தவர்கள் சொல்கிற வார்த்தை அது. எல்லோருக்கும் தெரியும். பெரியவருக்கும் தெரிந்துவிட்டது. அண்ணி தர்ஷினியின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார். படி இறங்கும்போது பெரியவர் தலையைத் தூக்கி போர்டைப் பார்க்கவில்லை. தினமும் படிப்பதுதானே, மனப்பாடம் ஆகியிருக்கும்.

சேகர் பத்திரிகையைப் பிரிக்காமல் அலமாரியில் செருகினார். தர்ஷினி எடுத்துப் பிரித்தாள். மேலே, 'அமரர் முனியம்மாள் ஆசியுடன்'. கீழே, 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

"அப்பா, முதல் பேரே உன்னுதுதான் பா. 'சித்தப்பா சேகர்'னு போட்டிருக்குது."

"சம்பிரதாயத்துக்குப் போட்டிருப்பாங்க."

"இல்ல பா." ஸ்டூலிலிருந்து இறங்கி, பத்திரிகையை மேஜை மேல், அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். "பத்திரிக எல்லாருக்கும் அடிச்சது. இந்த வரி நீ படிக்க எழுதினது."

சேகர் அந்த வரியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கோபம் வந்தது போல, "போ, போய் ஹோம்ஒர்க் பண்ணு" என்றார். குரல் மட்டும் கோபமாக இல்லை.

முதல் வரியில் அம்மா. பிறகு இரண்டு பிள்ளைகளும். அந்தக் குடும்பத்தில் யாரோ உட்கார்ந்து யோசித்துத்தான் அடித்திருக்கிறார்கள். போர்டு எழுதியவருக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

புடவையைக் கொடுத்துவிட்டுத் தெரு முனை வரைக்கும் வந்திருப்பேன். பின்னால் ஓடி வருகிற சத்தம். தர்ஷினி.

"மிஸ், நீங்க எழுதுங்க. அப்பா உங்க பக்கத்த கண்டிப்பா படிப்பாரு."

"எழுதினா உங்க அப்பா கோச்சுக்குவாரேடி?"

"பேர மாத்திடுங்க. எல்லாருக்கும் எழுதற மாதிரி எழுதுங்க மிஸ். அவருக்குத் தெரிஞ்சிடும்."

ஒரு பீரியடில் நான் நடத்திய பாடத்தை என்னிடமே நடத்திவிட்டாள்! 'எல்லாரும்னா யாரு' என்று முன் பெஞ்ச் கேட்டதற்கு அன்றைக்குத்தான் எனக்குப் பதில் கிடைத்தது.

விஷயத்தைச் சொன்னதும் ஸ்டெல்லா பயந்தார். "குடும்ப விஷயம் மா. வம்பாயிடப் போகுது." ஆகலாம். பெயர்களை மாற்றிவிட்டேன், கடைப் பெயரையும்தான். புடவையின் நிறத்தை மட்டும் மாற்றவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

இந்தப் பத்தியை எந்தப் பெட்டியில் போடலாம் என்று ஏழாம் வகுப்பைக் கேட்டால் ரெண்டாவது பெட்டி என்பார்கள். மனதை மாற்ற. சரியான விடைதான், முழு மார்க் கொடுக்கலாம். எவ்வளவு பேர் படித்தாலும் எனக்குச் சந்தோஷம். ஆனால் இந்த வாரம் நான் எழுதியது ஒருத்தர் படிக்க.

சேகர், பேப்பரைப் பார்சலுக்கு எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம். கல்யாணத்துக்குப் போங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் பாவாடை எதிர்க் கடையில் காத்திருக்கிறது. போர்டைக் கழற்றக்கூட வேண்டாம் — கடைசி வரிக்கு மேல் ஒரு ஸ்டிக்கர் போதும்.

என் கத்திரிப்பூ நிறப் புடவை இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. வியாழக்கிழமை வாங்க வருகிறேன். போர்டைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன்.