கண்ணை மூடினாலும் தெரிந்த வெளிச்சம்

தொண்ணூற்றைந்தாம் வருட மார்கழியில் எனக்கு வயது இருபத்தொன்பது. கல்யாணமாகி ஒன்றரை வருடம். மயிலாப்பூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில் நானும் கணவரும் இருந்தோம். அவருக்குச் சைதாப்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் வேலை. நான் ஆழ்வார்பேட்டையில் ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். பள்ளிப் புத்தகம், கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் அச்சுக்குப் போகுமுன் என் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்தக் கண்ணைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு பொய் சொல்லியிருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம், “பவர் கொஞ்சம்தான், மைனஸ் மூணு” என்று அம்மா சொல்லிவிட்டாள். உண்மையில் ஒன்பது. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. அன்று கண்ணாடி இல்லாமல்தான் காபித் தட்டை ஏந்திக்கொண்டு போனேன். முதல் டம்ளரை யாரிடம் நீட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பொய்யைத் திருத்தவில்லை. இரவு விளக்கை அணைத்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்றுவேன். காலையில் அவர் விழிக்குமுன் போட்டுக்கொண்டுவிடுவேன்.

அன்று சாயங்காலம் ஏழரை மணி இருக்கும். தெருமுனை டிரான்ஸ்பார்மரில் டமாரென்று ஒரு சத்தம். தெரு முழுக்க இருட்டாகிவிட்டது. வீட்டுக்குள் கொசு. ஒவ்வொரு வீடாக மொட்டை மாடிக்கு ஏறினோம். கணவர் இன்னும் வந்திருக்கவில்லை.

மேலே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் தென்கிழக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தென்னைமரங்களுக்குச் சற்று மேலே ஒரு வெளிச்சம் துடித்துக்கொண்டிருந்தது. வெள்ளையாக இருக்கும், சட்டென்று சிவக்கும், அடுத்த நொடி பச்சை.

“இன்னாம்மா அது? நானும் அப்பல இருந்து பாக்கறேன், அங்கியே நின்னுகினு கீது” என்றார் வாட்ச்மேன். “செவப்பாவுது, பச்சையாவுது. ஒண்ணியும் புரியல.”

ஹெலிகாப்டர் என்றார் ஒருவர். கப்பலிலிருந்து விட்ட ஏதோ ஒன்று என்றார் இன்னொருவர். சத்தமே இல்லாமல் அது எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது. கீழே போய்விடலாமென்றால், இருட்டில் தனியாகப் படியிறங்க அதைவிடப் பயமாக இருந்தது.

முதல் மாடியில் ஒரு டீச்சர் இருந்தாள். கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். அவள் ஈரத்தலையைத் துண்டால் துவட்டியபடி மேலே வந்து, ஒரு பார்வை பார்த்தாள்.

“ஹெலிகாப்டர்னா சத்தம் வரணும். பிளேன்னா நகரணும்” என்றாள். “மேலே பாருங்கோ, மூணு நட்சத்திரம் வரிசையா நிக்கறதா? அதை அப்படியே கோடு போட்டுக் கீழே இழுத்துண்டு வாங்கோ. நேரா இதுல வந்து முட்டும். இது சிரியஸ். ராத்திரி வானத்துல இதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் கிடையாது.”

“நட்சத்திரம் பச்சையாவா இருக்கும்?” என்று யாரோ கேட்டார்கள்.

“அடிவானத்துக்கிட்ட இருக்கும்போது காத்து அதைப் போட்டு ஆட்டறது. அதான் கலர் கலராத் தெரியறது. இன்னும் ரெண்டு மணி நேரம் போனா மேலே ஏறி அடங்கிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் மூச்சு வந்தது. அவள் உற்சாகமாகிவிட்டாள். தென்மேற்கைக் காட்டி, “அதோ மஞ்சளா ஒண்ணு, மினுக்காம இருக்கு பாருங்கோ. மினுக்கலேன்னா கிரகம். அது சனி” என்றாள்.

நின்றிருந்த பெண்களில் இருவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். “மார்கழி மாசத்துல அதைப் போய் ஏங்க காட்டறீங்க?” என்றாள் ஒருத்தி. எனக்குக் கும்ப ராசி. அந்த வருடம் சனி கும்பத்தில்தான் இருந்தது. பார்க்கக் கூடாதென்று நினைத்தபடியே பார்த்தேன்.

அப்படிப் பார்வையைத் திருப்பியபோதுதான் மூன்றாவது வெளிச்சம் வந்தது. இடது ஓரத்தில், நீலம் கலந்த வெள்ளையாக, வளைந்த கீற்றாக, மின்னல் போல வெட்டி மறைந்தது.

“அந்தப் பக்கம் மின்னிச்சே, அது என்ன?” என்று டீச்சரைக் கேட்டேன்.

“எந்தப் பக்கம்?”

“இடது பக்கம்.”

“லைட்ஹவுஸா இருக்கும்” என்றாள். கலங்கரை விளக்கத்தின் ஒளி எங்கள் கூரைகளுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் எண்ணிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அது சரியாக அதே எண்ணிக்கையில் வந்தது. என்னுடையது நடுவில் வந்தது. கண்ணைத் திருப்பினால் வந்தது. திருப்பாவிட்டால் வரவில்லை.

“இப்போ?” என்றாள்.

“வந்தது.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றவள், “எங்கே, ரெண்டு கண்ணையும் மூடிண்டு பாருங்கோ” என்றாள்.

மூடினேன். சிரியஸ் போய்விட்டது. சனி போய்விட்டது. இமைகளுக்குள் கண்ணை இடமும் வலமும் உருட்டினேன். அந்தக் கீற்று மட்டும் அங்கேயே இருந்தது.

“மூடினா தெரியல” என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பயத்தில் முதலில் வாயில் வருவது பொய்தான் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம், துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். நின்று பரீட்சை வைத்துக்கொள்வேன். இது நட்சத்திரம், இது விமானம், இது லைட்ஹவுஸ், இது என்னுடையது. என்னுடையது குறையவில்லை. பகலில் வேறொன்று ஆரம்பித்தது. இடது கண்ணுக்கு முன்னால் கரிப்பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. கண் போகிற பக்கமெல்லாம் கூடவே வந்தன.

தமிழில் புள்ளி என்பது சின்ன விஷயமில்லை. ஒரு புள்ளி கூடினாலோ குறைந்தாலோ சொல்லே மாறிவிடும். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற பெண் ஒருநாள் மெய்ப்புத் தாள்களை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

“அக்கா, இந்தப் பக்கத்துல நாலு இடத்துல புள்ளிய எடுக்கச் சொல்லியிருக்கீங்க.”

“ஆமா.”

“அங்க புள்ளியே இல்லையேக்கா.”

தாளை வாங்கிப் பார்த்தேன். புள்ளி இருந்தது. தாளை நகர்த்தினேன். எழுத்து நகர்ந்தது, புள்ளி நகரவில்லை. “தூக்கக் கலக்கம்” என்று சிரித்துச் சமாளித்தேன். அவள் போன பிறகு அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். கண் போனால் இந்த நாற்காலியும் போய்விடும். வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது.

அந்த வாரமே டீச்சர் மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். “அந்த மின்னல் இன்னும் வரதா?”

“இல்லையே.”

“இல்லேன்னா சரி. வந்தா, அது வானத்துல இல்லை, கண்ணுலன்னு அர்த்தம். எங்க ஸ்கூல் லைப்ரரியன் இப்படித்தான், பளிச் பளிச்சுன்னு வரதுன்னு சொல்லிண்டே இருந்தா. யாரும் பெரிசா எடுத்துக்கலை. ஒரு கண்ணு போயிடுத்து.”

அவள் இறங்கிப் போய்விட்டாள். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. போனால் பவர் வெளியே வரும், பொய் வெளியே வரும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொன்னால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும்: டாக்டர் சொல்லாதவரை என் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டிருக்கலாம். அப்படி ஆறு நாள் ஓட்டினேன். அந்த ஆறு நாளும் நான் தலைவாரும்போதும் குழம்பு தாளிக்கும்போதும் ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கணவர் கவனித்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஏழாம் நாள் அச்சகத்தில், வலது கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்யாணப் பத்திரிகை படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். “தங்கள் நல்வரவை விரும்பும்” என்ற வரிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. பெயர்களை விட்டுவிட்டார்களே என்று தலையைத் தூக்கினேன். எதிர்ச் சுவரிலும் கீழ்ப்பகுதி இல்லை. வலது கண்ணைத் திறந்தேன், எல்லாம் இருந்தது. மறுபடி மூடினேன். இடது கண்ணில், மூக்கை ஒட்டி, கீழேயிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறியிருந்தது. கையை முகத்துக்கு முன்னால் நீட்டினேன். விரல் தெரிந்தது, மணிக்கட்டு தெரியவில்லை.

கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. எழுத்துக் கோக்கிற அந்தப் பெண்தான் கணவருடைய அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அவர் வரும்வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தலையை ஆட்டினால் திரை இன்னும் ஏறிவிடும் என்று பயம். வந்தவர் என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினார்.

கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள். “கண்ணாடி பவர் எவ்ளோம்மா?”

கணவர் பக்கத்தில் நின்றார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டேன். கண் போகிற நேரத்திலும் அந்தப் பொய் பயமுறுத்தியது என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

“மைனஸ் ஒன்பது” என்றார் அவர். “ரெண்டு கண்ணும்.”

நான் அவரைப் பார்த்தேன்.

“கல்யாணமாகி ரெண்டாவது வாரம் நீ குளிக்கப் போயிருந்தே. சும்மா உன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். தலை சுத்திக் கட்டில்ல உக்காந்துட்டேன். அப்புறம் கடையில கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“ஏன் சொல்லல?”

“நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்” என்றார். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் ஒரு பெண்மணி. கண்ணில் மருந்து விட்டு, பாவையை விரியவைத்து, படுக்கவைத்தார். நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வெளிச்சம் மண்டைக்குள்ளேயே இறங்கியது. பிறகு விளக்கைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

“விழித்திரை கிழிஞ்சிருக்கும்மா. பின்னாடி சுவர்லேருந்து காகிதம் மாதிரி உரிஞ்சு வருது. நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. அது உரியறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணணும். நாளைக்குக் காலையில.”

“பார்வை வந்துடுமா டாக்டர்?”

“இருக்கறதைக் காப்பாத்தப் பார்க்கறேன். மின்னல் மாதிரி எப்போதிருந்து தெரியுது?”

சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தினார். “அன்னிக்கே வந்திருந்தா லேசர் வச்சு ஒட்டி அனுப்பியிருப்பேன்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். வலி இல்லை, ஆனால் இழுப்பது தெரிந்தது. கண்ணை வெளியிலிருந்து சுற்றி ஒரு பட்டை வைத்துத் தைக்கிறார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நூல் போகும்போதெல்லாம் ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு முறை எல்லாமே கறுத்துப்போனது. போய்விட்டது, இனி இல்லை என்று நினைத்தேன். துணிக்கு அடியில் என் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. “பேசாதீங்கம்மா, தலை ஆடுது” என்றார் டாக்டர்.

கட்டுப் போட்டுப் படுக்கவைத்தார்கள். கட்டுக்குள்ளும் அந்தக் கீற்று வந்தது. ஆபரேஷன் பலிக்கவில்லை என்றே முடிவு செய்துகொண்டேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் கட்டைப் பிரிக்க நர்ஸ் வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“சாயங்காலம் பிரிக்கலாமே.”

“சாயங்காலம் பிரிச்சா மட்டும் என்னங்க, இதே கண்ணுதானே” என்று சொல்லி, கையை விடுவித்துக்கொண்டு பிரித்தாள்.

முதலில் வெறும் கலங்கல். கண் ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரப் பஞ்சால் துடைத்து, என் கண்ணாடியை மாட்டிவிட்டாள். பிறகு ஒரு வெள்ளைச் சேலை. அதன் தோளில் குத்தியிருந்த ஊக்கு. கீழே, மெல்ல மெல்ல, அவளுடைய இடுப்பு, கட்டிலின் விளிம்பு, என் முழங்கால். திரை இல்லை. டாக்டர் வந்து எத்தனை விரல் என்று கேட்டபோது அழுகையில் மூன்றா நான்கா என்று சொல்ல முடியவில்லை. “அழுதா தையல் வலிக்கும்” என்றார். மின்னலைப் பற்றிக் கேட்டேன். இன்னும் சில வாரம் வரும், குறையும். கூடினால் மட்டும் அந்த நிமிஷமே வரவேண்டும் என்றார். வலது கண்ணிலும் ஒரு மெலிந்த இடம் இருந்ததாம். அதற்கு லேசர் வைத்தார்.

வீட்டுக்குப் போகிற அன்று, ஆறு வாரம் குனியக் கூடாது, குலுங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆட்டோவில் கணவர் என் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கறுப்புக் கண்ணாடி போட்டுக் கண்ணை இறுக மூடியிருந்தேன்.

“மெதுவாப் போப்பா. பள்ளம் பார்த்துப் போ.”

“இன்னா சார், அம்மா மாசமா கீறாங்களா?” என்றார் ஆட்டோக்காரர்.

நடந்ததையெல்லாம் சொல்லக் கணவருக்குத் தெம்பில்லை போலிருக்கிறது. “ஆமாம்ப்பா” என்றுவிட்டார்.

அந்த மனிதர் மயிலாப்பூர் வரை நடக்கிற வேகத்துக்குத்தான் ஓட்டினார். பின்னால் ஹார்ன் அடித்த பஸ் டிரைவரை, “இன்னா நைனா அவசரம், வண்டில புள்ளத்தாச்சி கீது” என்று அதட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. கருவிழியை அசைக்காமல் சிரிக்க முடியுமா என்று பயந்து பயந்து, கணவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு, வாயை மட்டும் திறந்து சிரித்தேன்.