பழைய பேப்பர் கடைத் தராசில் என் எடை

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மாதாமாதம் மண்டி மொஹல்லா பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறித்தான் என் எடையைப் பார்க்கிறேன். ஆறு கிலோ இறங்கிவிட்டதாகத் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

இன்று ஏறப் போனபோது தராசு சோதிக்கும் இன்ஸ்பெக்டர் அங்கே நின்றார்.

"ஈ வர்ஷத முத்ரே எல்லி?" என்று கன்னடத்தில், தராசின் இந்த வருட அரசு முத்திரையைக் கேட்டார். இல்லை. இருபது கிலோ எடைக்கல்லை வைத்தார். பதினெட்டரை காட்டியது. தராசு பறிமுதல்.

கடைக்காரக் கணேசனிடம், "இத்தனை வருஷமா என் பேப்பரையும் இதுலதானே எடை போட்ட?" என்றேன்.

"போன மாசம் ஏறி நின்னு சிரிச்சீங்களே சார், அப்ப மட்டும் நல்ல தராசா?"

துரோகம் தாங்கவில்லை. நீங்கள் எந்தத் தராசை நம்புகிறீர்கள்?

உண்மையில், எங்கள் வீட்டில் பேப்பர் வாங்குவதை நிறுத்தி மூன்று வருடமாகிறது; அவர் கடையில் போட என்னிடம் பேப்பரே இல்லை.