முத்திரை வைத்த பாட்டில்

1972 ஆகஸ்டு 17, வியாழக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். குழாயடியில் எனக்கு முன் நான்கு குடங்கள். ஆறரைக்குச் சவரம். ஏழேகாலுக்கு மூன்று இட்லி, மிளகாய்ப்பொடி. ஏழு ஐம்பதுக்குப் பிள்ளையார்பாளையத்திலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். வழியில் பின்சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டு, எட்டரைக்குக் கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தின் ஸ்டோர் ரூமைத் திறந்தேன். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். தராசுகளைத் துடைத்தேன். அமில பாட்டில்கள் எல்லாம் கீழ்த்தட்டில்தான் இருக்கின்றனவா என்று பார்த்தேன். நாட்குறிப்பின் அன்றைய பக்கத்தில் இவ்வளவும் இருக்கிறது. அடுத்த வரி இது: "பதினொரு மணிக்கு முதல்வர் அறை. இன்றோடு அவர் கதை முடிய வேண்டும்."

அவர் என்று எழுதியது எங்கள் துறைத் தலைவரை. ஒன்பது வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். என் பெயர் அவருக்குத் தெரியும். ஆனாலும் "யோவ் ஸ்டோரு" என்றுதான் கூப்பிடுவார். ஒரு முறை கசியும் நைட்ரிக் அமில ஜாடியை வெறுங்கையால் தூக்கி வைக்கச் சொன்னார். கையுறை கேட்டேன். "நீ என்ன புதுப்பொண்ணா?" என்றார். மணிக்கட்டு வரை தோல் வெந்து மஞ்சளாகிவிட்டது. மறுநாள் மாணவர்கள் முன்னால் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "என்னய்யா, நலங்கு வெச்சுக்கினு வந்துட்டியா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அந்தத் தேதியும் என்னிடம் இருக்கிறது.

விஷயம் நடந்தது திங்கட்கிழமை, பதினான்காம் தேதி, பிற்பகல் செய்முறை வகுப்பில். துறைத் தலைவர் வெளியே தெரியாமல் ஒரு வேலை செய்துவந்தார். ஊரில் ஒரு பட்டுக்கடைக்காரருக்காக, சேலைகளில் இருப்பது அசல் பட்டா, கலப்பா என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்துக் கொடுப்பார். காஸ்டிக் சோடாவைக் கெட்டியாகக் கரைத்து, அதில் நூலைப் போட்டுக் காய்ச்சினால் அசல் பட்டு கரைந்து காணாமல் போகும். பருத்தி அப்படியே நிற்கும். அன்று காலை ஸ்டோரிலிருந்து காஸ்டிக் சோடாவைத் தானே அள்ளிக்கொண்டு போனார். கரைத்து, காலியான ஸ்குவாஷ் பாட்டில் ஒன்றில் ஊற்றினார். லேபிள் ஒட்டவில்லை. வேலை முடிந்ததும் மாணவிகளின் மேசை ஒன்றில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்த மேசையில் ஒரு சாயக்காரர் மகள். இரண்டாம் ஆண்டு. அவள் தெருவில் கல்லூரிக்கு வந்த முதல் பெண். பாட்டிலில் இருப்பது காய்ச்சி வடித்த தண்ணீரா, வாஷிங் சோடாக் கரைசலா என்று அவளுக்கும் கூட இருந்த மாணவிக்கும் சந்தேகம். கேட்க ஆசிரியர் இல்லை. அவள் ஒரு கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டு எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்கள் பக்கத்துச் சாயப் பட்டறைகளில் அப்படித்தான் செய்வார்கள். பச்சைப் பட்டு நூலை அதன் மேலிருக்கும் பசை போக அவிக்க, வாஷிங் சோடாவும் சவுக்காரமும் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைப்பார்கள். காரம் சரியாக இருக்கிறதா என்று ஒரு துளியை ஆற்றி நாக்கில் வைப்பார் பட்டறைக்காரர். அவள் பார்த்து வளர்ந்தது அது. கை தானாகச் செய்துவிட்டது.

அவள் கத்திய சத்தம் கேட்டு நான் ஓடினேன். குழாயைத் திறந்துவிட்டு, தலையைக் கீழே சாய்க்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி இருபது நிமிடம் வாயைக் கொப்பளிக்க வைத்தேன். நாக்கின் நுனி வெள்ளையாக வெந்திருந்தது. ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிறகு அந்தப் பாட்டிலை எடுத்து மூடி, வாயில் அரக்கு உருக்கி ஊற்றினேன். மேலே ஒரு தாள் ஒட்டித் தேதி, நேரம் எழுதி, அவளோடு மேசையைப் பகிர்ந்த மாணவியிடம் கையெழுத்து வாங்கினேன். ஸ்டோரில் என் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

நான்கு மணிக்குத் துறைத் தலைவர் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"யோவ், அந்த பாட்டில் எங்கய்யா?"

"இருக்குது சார்."

"கழுவி வெச்சிடு. உனக்கும் எனக்கும் நல்லது."

"சரி சார்" என்றேன். இன்னொரு ஸ்குவாஷ் பாட்டிலை அவர் பார்க்கும்படி குழாயடியில் நின்று நன்றாகத் தேய்த்துக் கழுவினேன்.

அன்றைக்கே முதல்வரிடம் போயிருக்கலாம். போகவில்லை. போயிருந்தால் துறைத் தலைவர் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பார். முதல்வர் இருவரையும் கண்டித்து அனுப்பியிருப்பார். துறைத் தலைவர் எழுத்தில் பொய் சொல்ல வேண்டும், அடியில் கையெழுத்துப் போட வேண்டும் என்று காத்திருந்தேன். செவ்வாய் சுதந்திர தினம், விடுமுறை. புதன்கிழமை எழுதிக் கொடுத்தார். பாட்டிலில் இருந்தது நீர்த்த வாஷிங் சோடா மட்டுமே. லேபிள் ஒட்டாதது ஸ்டோர் கீப்பரின் குற்றம். மாணவி ஆய்வுக்கூட ஒழுங்கை மீறி நடந்துவிட்டுக் காயத்தைப் பெரிதாக்குகிறாள், அவளுக்கு டி.சி. கொடுத்து அனுப்ப வேண்டும். மூன்று பத்தி, நல்ல ஆங்கிலம். முதல்வர் அறைக் குமாஸ்தா எனக்குக் காட்டியபோது இரண்டு முறை படித்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

வியாழன் பதினொரு மணி. முதல்வர் மேசைக்குப் பின்னால். துறைத் தலைவர் நாற்காலியில், பட்டு அங்கவஸ்திரத்தோடு. சாயக்காரர் நின்றுகொண்டிருந்தார், விரல்களெல்லாம் அரக்குச் சிவப்பு. பக்கத்தில் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு மகள். அவளுக்கு இன்னும் பேச வரவில்லை.

"நக்கிப் பார்க்க இது என்ன ஊறுகா ஜாடியா?" என்றார் துறைத் தலைவர். "படிக்க வந்த இடத்துல பட்டறை புத்தியக் காட்டினா இப்படித்தான்."

"சாமி, எங்க தொழில்ல நாக்குலதான் காரம் பாக்கறோம்" என்றார் சாயக்காரர். "கொழந்த அதையே பாத்துக்கினு வளந்துச்சு. தப்புதான். அதுக்காக படிப்ப நிறுத்தாதீங்க சாமி. ஒங்க கால்ல வேணா விழறேன்."

அவர் குனியப் போனார். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. துறைத் தலைவர் இன்னும் ஒரு முறை சொல்லட்டும் என்று நினைத்தேன். முதல்வர் கேட்டார்: "அது வெறும் வாஷிங் சோடாதானே? உறுதியா?"

"சந்தேகமே இல்ல சார். அதுல கை வெச்சாக்கூட ஒண்ணும் ஆகாது."

நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தேன். முதல்வர் முத்திரையைப் பார்த்து, தேதியையும் கையெழுத்தையும் படித்தார். கையுறை மாட்டிக்கொண்டு அரக்கை உடைத்தேன். கூடக் கொண்டுவந்த சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்தேன்.

"ஐயா, பட்டு நூல் ஏதாவது இருக்குதா?" என்று சாயக்காரரைக் கேட்டேன்.

இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து மாதிரிக்கு வைத்திருந்த ஒரு கொத்து எடுத்தார். "நம்ம சாயம்பா. அசல் பட்டு."

குழாயில் போட்டுத் தீயில் காட்டினேன். தண்ணீர் சிவந்தது. நூல் நெகிழ்ந்து, கூழாகி, மூன்று நிமிடத்தில் இல்லாமல் போயிற்று.

"வாஷிங் சோடாவுல பட்ட ஒரு நாளு முச்சூடும் அவிச்சாலும் இப்படி கரையாது சாமி" என்று சாயக்காரர் முதல்வரிடம் மெதுவாகச் சொன்னார். "கரைஞ்சா நாங்க எப்பவோ கடைய மூடியிருப்போம்."

துறைத் தலைவர் எழுந்துவிட்டார். "அது என் டெஸ்டுக்கு வெச்சிருந்தது! அவ எதுக்கு அதத் தொட்டா?"

முதல்வர் அந்த மூன்று பத்திக் கடிதத்தை எடுத்து, கையெழுத்து இருக்கும் பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

நான் கையுறையைக் கழற்றினேன். என் பணத்தில் வாங்கியது. "தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னீங்களே சார்" என்று குழாயை அவர் பக்கம் நீட்டினேன். அவர் பின்னால் நகர்ந்தார். நாற்காலி சாய்ந்தது. அந்தச் சத்தம் எனக்குப் போதுமானதாக இருந்தது என்று எழுத ஆசைதான். போதவில்லை.

மாணவிக்கு டி.சி. கிடையாது. ஆண்டு முடியும் வரை துறைத் தலைவர் செய்முறைக் கூடத்துக்குள் நுழையக் கூடாது, பாடம் மட்டும் நடத்தலாம் என்று முதல்வர் எழுதிக் கையெழுத்திட்டார்.

வெளியே வராந்தாவில் சாயக்காரர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மகள் நோட்டில் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினாள். "பாட்டில் திங்கக்கிழமையிலேர்ந்து உங்ககிட்டதான் இருந்துச்சா சார்?"

"ஆமாம்மா."

அவள் மறுபடி எழுதினாள். "மூணு நாளா எங்கப்பா சாப்பிடல."

படித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கேட்டது நியாயம். மறுபடி அப்படி ஒரு திங்கட்கிழமை வந்தாலும் வியாழன் வரை காத்திருக்கத்தான் செய்வேன் என்பதும் நிஜம். இரண்டையும் அன்றைய பக்கத்தில் அடுத்தடுத்து எழுதியிருக்கிறேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, எட்டரைக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்ததும், தராசுகளைத் தொடும் முன், மேடையில் இருந்த துறைத் தலைவரின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில், வெயில் விழும் பக்கமாக வைத்தேன்.