சாத்தனூர் அணையில் உடைந்த சத்தியம்

முதல் ஷிஃப்ட் பஸ் சேரப்பணஞ்சேரியைத் தாண்டும்போது லூர்துவிடமிருந்து போன் வந்தது. “சுமதிக்கா, எங்க அக்கா போயிட்டாங்க” என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் பக்கத்தில் இருந்த யாரிடமோ போனைக் கொடுத்துவிட்டாள். விடியற்காலையில் நெஞ்சு வலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. நான் எழுந்து நின்று பஸ்ஸில் இருந்தவர்களிடம் சொன்னேன். டிரைவர் பாட்டை நிறுத்தினார்.

வடக்குப்பட்டு ஸ்டெல்லா அக்கா, எங்கள் கம்பெனியில் கார் சீட் தைக்கும் லைனுக்கு லீடராக இருந்தவர். அம்மா போன பிறகு அப்பாவையும் தங்கை லூர்துவையும் பார்த்துக்கொள்வதற்காகக் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. லைனில் கண்டிப்பானவர். “ஊசி கிட்ட கைய வெச்சுக்கினு அங்க இன்னா பேச்சு?” என்று அவர் குரல் கேட்டால் மொத்த வரிசையும் நிமிரும். நான் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குக் காய்ச்சல். சொல்லப் பயந்து உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், என்னை எழுப்பிவிட்டு என் மெஷினில் தானே உட்கார்ந்து தைத்தார். சூப்பர்வைசர் கேட்டதற்கு, “மெஷின் சரியில்ல சார், செக் பண்ணிகினு கீறேன்” என்றார்.

ஒவ்வொரு வருடமும் கம்பெனியில் எங்களை டூர் அழைத்துப் போவார்கள். ஏற்காடு போகலாம், பாண்டிச்சேரி போகலாம் என்று ஆளுக்கொன்று சொல்வோம். அக்கா மட்டும் விடாமல் சாத்தனூர் அணை என்பார். அவர் பேச்சை யாரும் தட்டுவதில்லை. திருவண்ணாமலை தாண்டி அங்கே போய் இறங்கியதும் நாங்கள் பூங்காவுக்கும் முதலைப் பண்ணைக்கும் ஓடுவோம். அணைக்கட்டின் மேல் நின்று, மலைகளுக்கு நடுவே பரந்து கிடக்கும் தண்ணீரைப் பின்னணியில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வோம். அக்கா எதையும் பார்க்க வரமாட்டார். முட்டி வலி என்பார்.

ஒருமுறை, “என்கூட வா” என்று என்னை மட்டும் அழைத்துக்கொண்டு மீன் வறுத்து விற்கும் கடைகளின் பக்கம் போனார். கடைசிக் கடையில் ஒரு பெண் எண்ணெய்ச் சட்டியின் முன் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஆனால் வாங்க என்று சொல்லவில்லை. இரண்டு தட்டில் மீனை வைத்து எங்கள் முன் நீட்டினாள்.

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: “சுமதி, அப்பாவுக்குக் கண் ஆபரேசன் முடிஞ்சிது. இப்போ நல்லா தெரியுதாம்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண்ணும் என்னைத்தான் பார்த்தாள். “நேரத்துக்கு மருந்து ஊத்தறாங்களான்னு கேளுங்கக்கா. பாப்பா இப்போ ஸ்கூல் போறா, அதையும் சொல்லுங்க.”

இப்படியே ஒரு மணி நேரம் போனது. ஒரு சட்டிக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, இருவரும் என்னிடமே பேசினார்கள். விடைபெறும்போது அக்கா அவள் கையைத் தொட்டார். அதுவும் தட்டைத் திருப்பிக் கொடுப்பதுபோல.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார். அந்த மீன்கடைப் பெண்தான் அவர் தங்கை லூர்து. எங்கள் பக்கத்துக் கம்பெனியில் லோடு ஏற்ற வந்த சாத்தனூர்க்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். வேறு மதம், வேறு சாதி. அப்பா ஸ்டெல்லா அக்காவை மாதா கோயிலுக்கு அழைத்துப் போய், பீடத்தின் முன் நிறுத்தி, இனி தங்கையோடு பேசுவதில்லை என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். “பேசக் கூடாதுன்னுதான் சத்தியம். பாக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லல” என்றார் அக்கா. அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு டூரிலும் அந்தக் கடைக்கு நானும் போனேன்.

ஒரு வருடம் நாங்கள் போனபோது கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடை அம்மா, “அவ வூட்டுக்காரர் பைக்ல அடிபட்டுச் செத்துப் பூட்டாரும்மா. கடைய உட்டுட்டா. மேல வியூ பாயிண்ட்ல மாங்கா விக்கறா” என்றார்.

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பற்றிப் படியேற ஆரம்பித்தார். நடுவில் வலி தாங்காமல் நின்றார். நான் கை கொடுத்தபோது வேண்டாம் என்றார். மேலே காற்று பலமாக இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் அணையைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கூடையோடு தரையில் உட்கார்ந்திருந்த லூர்துவின் கழுத்து வெறுமையாக இருந்தது. பக்கத்தில் அவள் மகள்.

லூர்து பழக்கத்தில் என்னைப் பார்த்தே கேட்டாள்: “முட்டி வலியோட இவங்க இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் ஏறினாங்க?”

“லூர்து” என்றார் அக்கா. “ஏண்டி எனக்குச் சொல்லல?”

லூர்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “உனக்குச் சத்தியம் கீதேக்கா.”

“கீது. இப்போ போச்சு. எழுந்திரு, புள்ளையோட துணிமணி எடுத்துக்கினு வா. வூட்டுக்குப் போலாம்.”

வெளியாட்களைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்றார் சூப்பர்வைசர். “என் கூடப் பொறந்தவ சார். புகார் எழுதணும்னா என் பேர்ல எழுதிக்கோங்க” என்று சொல்லிவிட்டு, தன் சீட்டில் அவர்களை உட்கார வைத்து, அக்கா நின்றுகொண்டே வந்தார்.

நானும் அவர்களோடு வடக்குப்பட்டில் இறங்கினேன். வாசலில் அப்பா உட்கார்ந்திருந்தார். லூர்துவைப் பார்த்தார்.

“சத்தியம் இன்னாச்சு?”

“உடைச்சிட்டேன்பா. அந்தப் பாவம் என்னுது. கோயில் சாமியார்கிட்ட நான் சொல்லிக்கிறேன். புள்ள பசியில கீது, வழி வுடு.”

அப்பா நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். லூர்துவும் மகளும் உள்ளே போனார்கள்.

அடுத்த தெருவில் தனிக்குடித்தனம் இருந்த அவர்கள் அண்ணன் அந்தோணி, அன்றிலிருந்து அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. அப்பா லூர்துவை வீட்டை விட்டு அனுப்பவும் இல்லை, அவளோடு பேசவும் இல்லை. “உங்கம்மாவைக் கஞ்சி கொண்டாரச் சொல்லு” என்று பேத்தியிடம்தான் சொல்வார். கடைசி நாட்களில் அவரைத் தூக்கி உட்கார வைத்ததும் துடைத்துவிட்டதும் லூர்துதான். லூர்துவுக்குக் கம்பெனி கேன்டீனில் வேலை வாங்கிக் கொடுத்தது அக்கா. ஒருநாள் நான், “சத்தியத்தை உடைச்சது மனசுல உறுத்தலையாக்கா?” என்று கேட்டேன். “உறுத்துது. இவ்ளோ வருசம் அதைக் காப்பாத்தினதுதான் உறுத்துது” என்றார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் யூனிஃபார்மோடு நின்றோம். எங்களுக்குப் பின்னால் மகளை அணைத்தபடி லூர்து நின்றாள். ஜெபம் முடிந்ததும், மூத்தவர் என்பதால் அந்தோணி அண்ணன் முதல் மண்ணைக் கையில் எடுத்தார். குழியருகே போனவர், போடாமல் திரும்பிக் கூட்டத்தில் தேடினார்.

“லூர்து, இங்க வாம்மா.”

தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அவளுக்கு உறைக்கவில்லை. நாங்கள் விலகி வழிவிட்டோம். அவள் அருகே போனதும், அண்ணன் தன் கையிலிருந்த மண்ணை அவள் கையில் கொட்டினார். அவள் விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து குனிந்தார்கள். பெட்டியின் மேல் மண் விழும் சத்தம் கேட்டது.

எங்கள் ஸ்டெல்லா அக்கா, நிம்மதியாகத் தூங்குங்கள்.