நாற்பதில் தொடங்கிய அச்சு

கடியப்பட்டணத்து ரெஜிஷாவுக்கு நாகர்கோவிலில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் அலுவலகத்தில் வேலை. இணையதளங்களுக்குப் புள்ளிவிவரத் தூண் படங்கள் போடுவாள். தூண்களை ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தானே வரைந்துவிடும். தூண்களின் உயரத்தை அளக்கும் செங்குத்துக் கோடான அச்சு எந்த எண்ணில் தொடங்க வேண்டும், அதன் ஓரத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை மட்டும் அவள் சொல்ல வேண்டும்.

2014இல் ஒரு பொறியியல் கல்லூரியின் வேலை வந்தது. நூற்றுக்கு எத்தனை மாணவர்களுக்குக் கல்லூரி வழியாக வேலை கிடைத்தது என்ற கணக்கு: மூன்று வருடங்களுக்கு 41, 42, 44. தூண்கள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. முதலாளி டைட்டஸ் முகம் சுளித்தார்.

"மக்கா, அச்சை நாப்பதுல இருந்து தொடங்கு. பொறவு பாரு."

மாற்றினாள். கடைசித் தூண் முதல் தூணைவிட நான்கு மடங்கு உயர்ந்தது.

"இனி அச்சு ஓரத்துல உள்ள எண்ணையெல்லாம் எடுத்துரு. பாக்குதவனுக்கு எதுக்கு அது?"

ரெஜிஷா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அவள் படித்ததும் அதே கல்லூரிதான். முதல் தூணில் இடம்பெறாத ஐம்பத்தொன்பது பேரில் அவளும் ஒருத்தி.

"என்னால முடியாது சார்."

டைட்டஸ் சிரித்தார். பக்கத்து இருக்கை ரெனிஷ் ஒரே நிமிடத்தில் எண்களை எடுத்துவிட்டான்.

மே மாதம் அந்தப் படம் வடசேரி பேருந்து நிலையத்தில் பெரிய பேனராகத் தொங்கியது. ஒரு தகப்பன் மகளுக்குக் கடைசித் தூணைக் காட்டிக்கொண்டிருந்தார். ரெஜிஷா பொறுக்கமாட்டாமல் அருகே போனாள்.

"அண்ணாச்சி, அது நூறுல நாப்பத்திநாலு பேருதான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேற காலேஜ்காரியாக்கும்," என்று மகளிடம் சொல்லிவிட்டு, பேனரில் இருந்த அட்மிஷன் எண்ணுக்குப் போன் போட்டார்.