தொப்பியில் ஒரு சிப்பி

நாங்கள் வந்து குடியேறிய இந்தக் குளிர்நாட்டில், வைலே நகருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் நிற்கும் பழைய தேவாலயம் ஒன்றில் கல் மனிதர் ஒருவர் தன் கல்லறைமேல் மல்லாந்து படுத்திருக்கிறார். மத்தியகாலத்து யாத்திரீகர். தோளில் பை, பக்கத்தில் ஊன்றுகோல், தொப்பியின் முன்னால் ஒரு சிப்பி. மூக்குத் தேய்ந்துவிட்டது, சிப்பி தேயவில்லை. பிராண்டேயில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த அண்ணைதான் அதை எனக்குக் காட்டினார். தூரதேசத்துக் கோயிலுக்கு நடந்து போனவர்கள் அங்கிருந்து சிப்பி கொண்டுவந்து தொப்பியில் தைத்துக்கொள்வார்களாம்.

"போய் வந்ததுக்கு அத்தாட்சி, தம்பி. இல்லாட்டி ஊரில ஆர் நம்புவான்?"

"உங்கட பெட்டி மாதிரி" என்று பகிடி விட்டேன். அகதி வழக்கு, வேலை, பிள்ளைகள் என்று காலம் போய், அண்ணை ஒரேயொரு தரம்தான் யாழ்ப்பாணம் போய் வந்தவர். போகும்போது விமான நிலையத்தில் பயணப்பெட்டியின் கைபிடியில் சுற்றி ஒட்டிய வெள்ளைச் சீட்டை அதன்பிறகு பிய்க்கவேயில்லை. இங்கேயே ரண்டர்ஸில் மகள் வீட்டுக்குப் போனாலும் அந்தப் பெட்டிதான், அந்தச் சீட்டுத்தான். என் பகிடிக்கு அவர் சிரிக்கவில்லை. "நான் செத்து, என்னை அனுப்பேக்க அதையும் வைச்சு விடு. மனிசியிட்டைச் சொன்னால் விசர் எண்டுவா. நீதான் வைக்கவேணும்" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன். அது எவ்வளவு ஆபத்தான சொல் என்று அண்ணை செத்த இந்த மாசியில்தான் விளங்கியது.

தகனசாலை மண்டபத்தில் அண்ணை பட்டுவேட்டி சால்வையோடு மாப்பிள்ளை மாதிரிக் கிடந்தார். செத்தவீட்டில் அவரின் பயணப்பெட்டியிலிருந்து பக்குவமாகக் கழற்றிய சீட்டு என் பொக்கற்றில். பூப்போடும் சாட்டில் சால்வைக்குள் செருகிவிடுவதுதான் திட்டம். கிட்டப் போனதும் கை வரவில்லை. பூவை மட்டும் போட்டுவிட்டுத் திரும்பினேன். மறுபடி வரிசையில் நின்றேன். மறுபடியும் பூ மட்டும். வியர்வையில் சீட்டின் எழுத்து அழிந்துவிடுமோ என்று புதுப் பயம் பிடித்தது. மூன்றாம் தரம் வரிசைக்குப் போனபோது, என் துக்கத்தைத் தாங்கமுடியாத ஒரு மாமி தண்ணீர் கொண்டுவந்து தந்தார். கள்ளன் நான், வாங்கிக் குடித்தேன்.

"என்ன தம்பி ஒளிக்கிறீர்?"

அக்கா, அண்ணையின் மனைவி, பக்கத்தில் நின்றார். சீட்டை நீட்டி, அண்ணை கேட்டதைச் சொன்னேன். கொழும்பைக் குறிக்கும் எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டு நின்றார். என்னை வெளியே போகச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"சால்வைக்குள்ள வைச்சால் ஆருக்குத் தெரியும்?" என்றார் அக்கா. அண்ணையின் கையைத் தூக்கி மணிக்கட்டில் சீட்டைச் சுற்றி, எழுத்து மேலே தெரியும்படி தானே ஒட்டினார்.

போன கிழமை தனியே அந்தத் தேவாலயத்துக்குப் போனேன். கல் மனிதர் அப்படியே படுத்திருந்தார். சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு குனிந்து, "ஐயா, எங்கட ஆள் ஒருத்தர் அங்கால வந்திருக்கிறார்" என்றேன். "தொப்பி இல்லை. கையைப் பாருங்கோ."