ஆகாய விமானமும் ஒரு டின் பெட்ரோலும்

அந்த டின்னை யாராவது தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். யுத்த காலம், பெட்ரோலுக்கு ரேஷன். வாடகைக் கார் ஓட்டிய என் வீட்டுக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்தது அது. எனக்கு நிறைமாதம். முதல் பிள்ளையை, வண்டி கிடைக்காமல், மைசூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மாட்டு வண்டியிலேயே பறிகொடுத்தவள் நான். நாங்கள் இருந்த கிராமத்திலிருந்து மைசூர் அத்தனை தூரம்.

ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவிப் பொட்டு வைத்தார். ஸ்பேனர், காற்றடிக்கிற பம்பு இவற்றோடு டின்னையும் பூஜையில் வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது, அது எங்கள் வீட்டு வழக்கம்.

பொரியை வாயில் போடப் போகிறேன், கூரைக்கு மேலே ஓர் இரைச்சல்! அது இருமி இருமி, சட்டென்று நின்றும் போயிற்று. வெளியே ஓடினேன். அம்மாடி! இரட்டை இறக்கை வைத்த ஆகாய விமானம், சத்தமே இல்லாமல், புளியமரத்தை உரசுகிற மாதிரி வந்து மேய்ச்சல் நிலத்தில் குதித்துக் குதித்து நின்றது. மாடுகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. ஊரே கன்னடத்தில் "விமான! விமான!" என்று கத்திக்கொண்டு போயிற்று. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன். என்னை யார் தடுக்க முடியும்?

இறங்கினவன் மெட்ராஸ் பையன், மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் ஊர்ச்சனம் விமானத்துக்குக் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்துவிட்டது. ஆயுத பூஜையன்று கண்ணில் பட்ட வண்டியைச் சும்மா விடுவார்களா?

"அண்ணா, பெட்ரோல் காலி. அரை டின் கிடைச்சாப் போதும், மைசூர் விமான மைதானத்துல போய் இறங்கிடுவேன்" என்றான் என் வீட்டுக்காரரிடம்.

அவருக்குத்தான் விமானத்தைப் பார்த்த கிறுக்கு. "அரை டின்னுதானுங்களே தம்பி, நம்மகிட்ட இருக்குது!" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, பூசையில வெச்சதை எடுப்பீங்களா? ஆத்தா சும்மா விடுவாளா?" என்று ஒரு போடு போட்டேன். மனசுக்குள் இருந்தது ஆத்தா இல்லை, அந்த மாட்டு வண்டி. அவர் தலையைச் சொறிந்தார். பையன் எங்கள் வீட்டுப் பொரியைத் தின்றுகொண்டு இறக்கையடியில் உட்கார்ந்தான்.

மத்தியானம் எனக்கு வலி கண்டது.

அவர் காருக்கும் பூஜைக்குமாக ஓடினார். "அய்யோ, டின்னு பூசையில இருக்குதே! நீதான புள்ள எடுக்கப்படாதுன்ன?"

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன், டின்னை எடுங்க!" என்று கத்தினேன்.

மாலை போட்ட காரில் பறந்தோம். மைசூர் மைதானத்துக்குத் தகவல் சொல்ல வேண்டுமென்று பையனும் முன்சீட்டில் ஏறிக்கொண்டான். "அக்கா, இதோ வந்தாச்சு, இதோ வந்தாச்சு" என்று வழி முழுக்க உளறிக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது. கார் இருமி இருமி நின்றுபோனது.

"காலைல என் விமானமும் இப்படித்தான்க்கா இருமிச்சு!" என்று குதித்து இறங்கினான். இரண்டு பேரும் காரைத் தள்ளியே உள்ளே கொண்டுபோனார்கள்.

பொழுது சாய்வதற்குள் என் மகள் வீறிட்டு அழுதாள். வராந்தாவில் இரண்டு ஆண்களும் சேர்ந்து அழுததில், அப்பா யார் என்று நர்ஸுக்கே தெரியவில்லையாம். என் வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த அரை டின்னை மட்டும் குடுத்திருந்தா..." என்றார்.

"பேசாதீங்க. பிள்ளையைக் கையில வாங்குங்க" என்றேன்.